ஜெரூஷா டொக்டரின் கட்டைவிரல்

தெமோதரைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்துப் பாடசாலையில் சிவானுஜா சங்கீத டீச்சர். அதே தோட்டத்து லய வீடுகளில் ஒன்றில் பிறந்து, யாழ்ப்பாணம் போய் நாலு வருஷம் வயலின் படித்து, நியமனக் கடிதத்தைப் பிரித்துப் பார்த்தால் மறுபடியும் அதே தோட்டம். "அவ்வளவு தூரம் போயி படிச்சிட்டு, திரும்பவும் இந்த மலைக்குத்தானா வந்தே?" என்று அம்மா புஷ்பம் கேட்டாள். "கடிதத்துல இந்த எடம் போட்டிருக்கு. நான் என்னம்மா செய்ய?" என்றாள் மகள். அப்போது அவளுக்கு இருபத்தாறு. இந்தக் கதை நடந்தபோது முப்பத்தேழு.

அப்பா வடிவேல் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கும் மெஷினில் நின்றவர். அந்த இரைச்சலுக்கு மேலால் பேசிப் பேசியோ என்னவோ, அவருக்கு ஒரு பாரமான தொண்டை. மார்கழி மாதம் லயத்தைச் சுற்றி பஜனை போகையில் அவர் அடிக்குரலில் எடுப்பார். சின்னப் பிள்ளையாக இருந்த சிவானுஜா அதே பாட்டை, அதே சுரத்தில், ஒரு ஸ்தாயி மேலே பிடிப்பாள். ஒரே பாட்டை ஒரு ஆணும் ஒரு பிள்ளையும் சேர்ந்து பாடினால் தானாக வருகிற சங்கதிதான் அது. அவர் செத்து மூன்று வருஷமாகியும் அவளுக்கு அது மறக்கவில்லை.

ஒரு பெப்ரவரி மாதம் பல் வைத்தியப் பஸ் பாடசாலைக்கு வந்தது. மாதம் ஒரு தடவை தோட்டம் தோட்டமாகப் போகிற பஸ். அதில் புதிதாக வந்திருந்தவர் டொக்டர் ஜெரூஷா, கொழும்புக்காரப் பெண்மணி, பதுளைக்கு மாற்றலாகி இரண்டு மாதம்தான். பஸ்ஸை நிறுத்தியிருந்த இடத்துக்கு நேரே சங்கீத வகுப்பு. இடைவேளைக்கு டொக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"யாரு வயலின் வாசிச்சது?"

"நாந்தான் டொக்டர். தொந்தரவா இருந்தா நிப்பாட்டிர்றேன்."

"ஐயோ, நிப்பாட்டாதீங்க. பிள்ளைகள் பராக்குப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு இருக்குது. எனக்கு வேலை சுகமா முடியுது."

சிவானுஜா சிரித்துவிட்டாள். டொக்டரும் சிரித்தார். பிறகு, ஏதோ குற்றத்தை ஒத்துக்கொள்வதுபோல, "என்கிட்ட ஒரு செலோ இருக்கு டீச்சர். ஸ்கூல் காலத்திலயிருந்து வாசிக்கிறன். இங்க வந்ததிலிருந்து தனியத்தான். ஒருநாள் வாங்களேன்" என்றார்.

வயலினின் பெரிய உருவமான செலோவை சிவானுஜா படத்தில் பார்த்திருக்கிறாள், போனில் கேட்டிருக்கிறாள். நேரில் பார்த்ததில்லை.

பதுளை பஸாரில் இத்ரூஸ் நானாவின் புடவைக் கடைக்கு மேலே இரண்டு அறையை டொக்டர் வாடகைக்கு எடுத்திருந்தார். பலகைத் தரை. அந்த ஞாயிற்றுக்கிழமை நானாவின் மனைவி ஸுபைரா இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ராவையில மட்டும் வாசிக்க மாட்டாங்க, அதுக்கு அல்லாவுக்குப் புகழ்" என்று சொல்லி இறங்கிப் போனார். டொக்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, செலோவின் அடியில் இருந்த இரும்புக் கம்பியை வெளியே இழுத்துத் தரையில் ஊன்றி, இரண்டு முழங்காலுக்கும் நடுவே அதைச் சாய்த்துக்கொண்டார். சிவானுஜா பழக்கத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். டொக்டர் எந்த விரலையும் வைக்காமல், ஆகத் தடித்த தந்தியை வில்லால் மெதுவாக இழுத்தார்.

சத்தம் காதுக்கு வருமுன் பலகை வழியாக அவள் தொடைக்கு வந்தது. அவளுக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. அது அப்பாவின் தொண்டை. மெஷினுக்குப் பக்கத்தில் நின்று யாரையோ கூப்பிடுகிற மாதிரி.

"இன்னொருக்கா" என்றாள்.

அதற்குப் பிறகு ஞாயிறு தோறும் பதுளைக்குப் பஸ் ஏறுவது வழக்கமாயிற்று. அவள் இதுவரை சொந்தமாக ஒன்றும் இயற்றியதில்லை. விழாவுக்குப் பிள்ளைகளுக்கு இரண்டு வரி மெட்டுப் போட்டிருப்பாள், அவ்வளவுதான். இப்போது ஒரு கொப்பியில் ஸ ரி க ம என்று எழுத ஆரம்பித்தாள். அவள் எழுதியதை டொக்டர் மேற்கத்திய முறைக்கு மாற்றி, வாசித்துக் காட்டுவார். முதல் மாதம் முழுக்க சிரிப்புத்தான்.

"டீச்சர், இந்த இடத்தில எனக்கு ரெண்டு மைல் நீளத்துக்கு வில்லு வேணும்" என்றார் ஒருநாள். வயலின் தந்தி மெலிசு. ஒரே இழுப்பில் நிறையச் சுரம் ஓடும். செலோவின் தடித்த தந்தி அசைவதற்கே பாரம் கொடுத்து இழுக்க வேண்டும். வில் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். இன்னொருநாள் முதல் தந்தியையும் நாலாம் தந்தியையும் சேர்த்து எழுதியிருந்தாள். "வில்லு நேரா இருக்கு, தந்தியத் தாங்குற இந்தப் பாலம் வளைஞ்சிருக்கு. பக்கத்துப் பக்கத்துத் தந்திதான் சேர்ந்து பேசும். தூரத்துச் சொந்தத்தை ஒரே நேரத்தில கூப்பிட ஏலாது." தந்தியை அழுத்தாமல் சும்மா தொட்டால் மணிச் சத்தம் மாதிரி ஒரு நாதம் வரும் என்பதையும், வில்லைப் பாலத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால் சத்தம் கண்ணாடி கீறுவதுபோல் ஆவதையும், டொக்டர் ஒவ்வொன்றாகக் காட்டினார். சிவானுஜா கொப்பியில் எழுதிக்கொண்டாள். ஒரு வாத்தியத்துக்கு எழுதுவது என்றால் ஒரு ஆளின் கைக்கும் தோளுக்கும் எழுதுவது என்று அவளுக்கு அப்போது பாதிதான் புரிந்தது.

மே மாதம் அவள், தான் இயற்றுவதின் முக்கியமான பகுதியை எழுதிக்கொண்டு போனாள். நடுவில் மூன்று நிமிஷம். கீழ் ஸ்தாயியில் ஒரு சுரம், அதே சுரம் மேல் ஸ்தாயியில், இரண்டும் சேர்ந்து, பஜனையில் போவதுபோல் மெதுவாக நடந்து போக வேண்டும். டொக்டர் தாளை இரண்டு தரம் படித்தார்.

"இங்க வாங்க" என்று அவளையே நாற்காலியில் உட்காரவைத்து, அவள் இடது கையைச் செலோவின் கழுத்தில் வைத்தார். "வயலின்ல முதல் விரலும் சுண்டுவிரலும் வச்சா இது வந்திடும். இங்க வச்சுப் பாருங்க."

சிவானுஜா விரலை விரித்தாள். சுண்டுவிரல் எட்ட வேண்டிய இடத்துக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. செலோவின் தந்தி வயலின் தந்தியைவிட இரண்டு மடங்கு நீளம். நாலு விரலும் விரித்தாலும் அந்தத் தூரம் கிடைக்காது.

"அதனால இந்தக் கட்டைவிரலைக் கழுத்துக்குப் பின்னாலயிருந்து முன்னுக்குக் கொண்டு வரணும். கொண்டுவந்து ரெண்டு தந்திக்கும் குறுக்கே படுக்க வைக்கணும். மற்ற விரல் மேல் சுரத்தைப் பிடிக்கும். தந்தியின் நடுப்பகுதியில இது சுகம், அங்க இடைவெளி எல்லாம் சுருங்கிடும். நீங்க எழுதியிருக்கிறது தலைப்பக்கம். இங்க கை கிழியிற மாதிரி விரிக்கணும்." டொக்டர் தாளைத் திரும்பப் பார்த்தார். "இதை மேல் ஸ்தாயிக்குத் தூக்கிப் போடலாமா டீச்சர்?"

"மேல போனா அது வேற ஆளாயிரும் டொக்டர்."

அப்போதுதான் அவள் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். அதுவரை சொல்லியிருக்கவில்லை. டொக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "சரி. முயற்சி செய்யிறன்" என்றார்.

ஓகஸ்ட் மாதம் பதுளையில் ஒரு தேவாலய மண்டபத்தில் சின்னக் கச்சேரி ஒன்று ஏற்பாடாகியிருந்தது. டொக்டர் போய்க் கேட்டு, சிவானுஜா எழுதியதற்கும் பத்து நிமிஷம் வாங்கிவிட்டார். சிவானுஜா வீட்டில் சொன்னதும், புஷ்பம் தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கச்சேரிக்குப் போவதற்குச் சீலை எடுத்து மடித்து வைத்தாள்.

ஜூலையில் ஒரு ஞாயிறு. டொக்டர் தேத்தண்ணி ஃபிளாஸ்கை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வலது கையால் மூடியைத் திருகியதை சிவானுஜா பார்த்தாள்.

"கை நோவுதா டொக்டர்?"

"புதுசா தோல் தடிக்கணும்தானே. நோகத்தான் செய்யும்."

வயலின் படித்த காலத்தில் சிவானுஜாவின் விரல் நுனியிலும் இரத்தம் கசிந்திருக்கிறது. அதுபோல்தான் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது அவளுக்கு வசதியாக இருந்தது. அன்றைக்குத்தான் அந்த மூன்று நிமிஷமும் முதல் முறையாக எங்கும் உடையாமல் வந்தது. கீழே ஒரு குரல், மேலே ஒரு குரல், இரண்டும் சேர்ந்து மெல்ல நடந்து போயிற்று. சிவானுஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்கா வாசிக்கிறீங்களா?" என்றாள். டொக்டர் வாசித்தார். "இன்னும் ஒரே ஒருக்கா." அதையும் வாசித்தார். மூன்றாம் தரம் முடிந்ததும் வில்லைக் கீழே வைத்துவிட்டு, இடது கையை மடியில் போட்டு மற்றக் கையால் பொத்திக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது. சிவானுஜா அதையும் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல், கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டாள்.

கச்சேரிக்குப் பத்து நாள் இருக்கையில், பூனாகலைப் பக்கத்தில் ஒரு பிள்ளையின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தபோது டொக்டரின் இடது கையிலிருந்து வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடி நழுவிப் பிள்ளையின் மடியில் விழுந்தது. எடுத்தார். மறுபடியும் விழுந்தது. கன்னத்தை ஒதுக்கிப் பிடிக்கவும் கட்டைவிரலால் முடியவில்லை. அன்றைக்கு வரிசையில் நின்ற பிள்ளைகளையெல்லாம் திருப்பி அனுப்பினார்கள்.

சிவானுஜாவுக்கு ஒரு செய்தி மட்டும் வந்தது. "கட்டைவிரல் அடியில் தசைநார் உறை வீங்கியிருக்கிறதாம். ஆறு கிழமைக்கு அசைக்கக் கூடாது. கச்சேரி இல்லை. மன்னிக்கணும்."

அந்தக் கடைசிச் சொல்லைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அன்றிரவே அந்தப் பகுதியை முழுக்க அடித்துவிட்டு மேல் ஸ்தாயிக்கு மாற்றி எழுத உட்கார்ந்தாள். சனிக்கிழமை அதைக் கையில் எடுத்துக்கொண்டு பதுளைக்குப் போனாள். இத்ரூஸ் நானா கடை வாசலிலேயே எதிர்ப்பட்டார்.

"டொக்டருக்கு சுகமில்ல டீச்சர். யாரும் மேல வர வேணாம்னு சொல்லியிருக்காங்க. நீங்கன்னா கேட்டுட்டு வாறேன்."

அவர் படி ஏறிப் போகிற சத்தம் கேட்டது. பிறகு இறங்கி வருகிற சத்தம்.

"தூங்குறாங்க போல" என்றார் நானா, புடவைக் கட்டை அடுக்கிக்கொண்டே, அவளைப் பார்க்காமல். மனுஷனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"இதை மட்டும் குடுத்திர்றீங்களா நானா?" என்று தாளை நீட்டினாள். நீட்டிய கையை உடனே இழுத்துக்கொண்டாள். கை முடியாமல் கிடக்கிற ஆளுக்கு வாசிக்கத் தாள் கொடுத்துவிடுவதா? தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தாள்.

ஆறு கிழமை, ஒன்றரை மாதம், முடிந்தது. பல் பஸ் வரவில்லை. ஒக்டோபரிலும் வரவில்லை. பதிலுக்கு ஆள் போடவில்லை என்றார்கள். இதற்குள் நாலாம் வகுப்புத் தனுஷியாவின் கன்னம் வீங்க ஆரம்பித்திருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் வலி மாத்திரை கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு வற்றும், மறுநாள் இன்னும் பெரிதாக வீங்கும். சங்கீத வகுப்பில் எல்லாரும் பாடுகையில் அவள் மட்டும் கையால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு வாயை மூடி இருந்தாள். சிவானுஜாவால் அந்தப் பக்கம் திரும்பவே முடியவில்லை. "பஸ் எப்ப வரும் டீச்சர்?" என்று பிள்ளையின் தாய் கேட்டாள். "நான் டவுனுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் சிவானுஜா.

அன்றைக்கு விடியும்போதே மழை. வழியில் ஒரு இடத்தில் மண் சரிந்து, ஒவ்வொரு வண்டியாக விட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ் ஒன்றரை மணித்தியாலம் அப்படியே நின்றது. தனுஷியா டீச்சரின் மடியில் தலையை வைத்து முனகிக்கொண்டே வந்தாள். அவள் கன்னத்துச் சூடு சீலையைத் தாண்டித் தொடையில் சுட்டது. முன்னால் போகவும் முடியாது, இறங்கி நடக்கவும் முடியாது. சிவானுஜா பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அதைத் தவிர செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அன்றைய நம்பர் முடிந்துவிட்டது. நாளைக்கு வரச் சொன்னார்கள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடைபாதையில் நின்றவள், பிசியோதெரபி அறைக்கு வெளியே வாங்கில் ஜெரூஷா டொக்டர் உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். கட்டைவிரலில் அசையாமல் கட்டிய பட்டை. மற்ற நோயாளிகளைப் போலவே அவர் கையிலும் ஒரு நம்பர் துண்டு.

டொக்டர் அவளைப் பார்த்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார். எழுந்து வந்து, போன் வெளிச்சத்தை அடித்து, வலது கையால் பிள்ளையின் தாடையை மெல்லத் திறந்தார்.

"எவ்வளவு நாளா?"

"மூணு கிழமை."

"இதை இன்னைக்கே எடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பல் பிரிவுக்குள் போனார். கால் மணித்தியாலத்தில் தனுஷியாவை உள்ளே கூப்பிட்டார்கள். வேறொரு டொக்டர்தான் பல்லை எடுத்தார். ஜெரூஷா டொக்டர் பக்கத்தில் நின்று பிள்ளையின் தலையைத் தன் வயிற்றோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டார். அது ஒன்றுக்குத்தான் அவர் கை உதவியது.

பிறகு, பஞ்சைக் கடித்துக்கொண்டு பிள்ளை வாங்கில் தூங்கிவிட, அவர்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"ஊசி போட்டும் சரிவரல்ல. கொழும்பில சின்ன ஒப்பரேஷன் ஒண்ணு செய்யணுமாம்" என்றார் டொக்டர்.

"எல்லாம் என்னால டொக்டர்."

"நாள் முழுக்கக் கண்ணாடி பிடிக்கிற கை. அதிலயும் கொஞ்சம் இருந்திருக்கும்." கொஞ்சம் பொறுத்து, "அன்றைக்கு மூணாந்தரம் வாசிக்கயில கை கெடுதெண்டு எனக்குத் தெரியும். நிப்பாட்டியிருக்கலாம். மனசு வரல்ல" என்றார்.

"நான் கேக்காம இருந்திருக்கலாம்."

இல்லை என்று டொக்டர் சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் தலையையாவது ஆட்டுவார் என்று.

"ஓம்" என்றார் டொக்டர். "கேக்காம இருந்திருக்கலாம்."

உள்ளேயிருந்து அவர் நம்பரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனார்.

நவம்பரில் ஒப்பரேஷன் நடந்தது. நோவு குறைந்தது, ஆனால் பிடி முன்பு மாதிரி வரவில்லை. ஜனவரியில் அவரைக் கொழும்பில் ஒரு காரியாலய மேசைக்கு மாற்றினார்கள். சாமான் ஏற்ற வேன் வந்த அன்றைக்கு சிவானுஜாவும் போயிருந்தாள். செலோப் பெட்டியை அவளும் இத்ரூஸ் நானாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியால் இறக்கினார்கள். அவ்வளவு பெரிய பெட்டி. தூக்கினால் பாரமே இல்லை. ஸுபைரா ஒரு பொதியில் சாப்பாடு கட்டிக் கொடுத்து டொக்டரைக் கட்டிப்பிடித்து அழுதார். சிவானுஜாவுக்கு அழவும் உரிமை இல்லாத மாதிரி இருந்தது. வேன் மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

அதன் பிறகு அவள் செய்தது ஒன்று. தச்சுக்காரரிடம் ஒரு பலகை வாங்கி, செலோவின் கழுத்து அகலத்துக்குச் செதுக்கி, நாலு கம்பி இழுத்து, ஒவ்வொரு சுரமும் விழுகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டாள். அதில் சத்தம் வராது. எழுதிய ஒவ்வொரு சுரத்துக்கும் தன் விரலை அதில் வைத்துப் பார்த்தாள். எங்கே இழுக்கிறதோ அங்கே அழித்தாள். "என்னடி, பலகையத் தடவிக்கிட்டே இருக்கே?" என்றாள் புஷ்பம். நாலு மாதத்தில் அவள் இயற்றியது முழுக்கப் புதிதாக வந்தது. கட்டைவிரல் தந்தியின் நடுவைத் தாண்டித் தலைப்பக்கம் போகிற இடம் ஒன்றுகூட இல்லை. முன்பு இருந்த அழகு இதில் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

கொழும்புக்கு அனுப்பினாள். மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது. "பார்த்தேன். இது கைக்கு நல்லது. நான் இன்னும் பெட்டியைத் திறக்கவில்லை."

பல் பஸ்ஸுக்கு ஆள் கேட்டுப் பெற்றோர் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி ஒரு மகஜரும் போட்டாள் சிவானுஜா. நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்து, பாதி கட்டைவிரல் ரேகை. இந்த ஜூனில் டொக்டரே போன் எடுத்துப் பேசினார்.

"உங்க மகஜர் என் மேசைக்குத்தான் வந்திருக்கு டீச்சர். குறிப்பு எழுதி மேல அனுப்பிட்டன். அதுக்கு மேல என் கையில ஒண்டும் இல்ல."

"சரிங்க டொக்டர்."

அந்தப் பக்கம் யாரோ டொக்டரைக் கூப்பிட, அவர் போனை வைத்தார்.

"யாரு போன்ல? பஸ் வருமாமா?" என்று அடுப்படியிலிருந்து புஷ்பம் கேட்டாள்.

"தெரியலம்மா" என்றாள் சிவானுஜா.